தூண்டிலுக்கு ஒரு சீட்டு



சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் சுருளிப்பட்டிக்குச் சென்றிருந்தோம். அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில், சிறுவர்கள் சிலர் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தனர். அதைக் கண்ட என் மகனுக்கு இங்கிலாந்தில் வாழும் அவனுடைய மாமாவின் நினைவு வந்துவிட்டது. அங்கே தூண்டிலோடு ஆற்றங்கரையில் அமர வேண்டுமானால், பதின்மூன்று வயது நிரம்பிய ஒவ்வொருவரும் அரசிடம் உரிமச்சீட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று மாமா அலைபேசியில் சொல்லியிருந்தார். மகன் கேட்டான்: "அத்தா, ஆறும் மீனும் அல்லாஹ்வுடையவைதானே? அதற்கு மனிதன் எதற்குக் காசு வாங்க வேண்டும்?"

கேள்வி நியாயமானது. நீரில் வாழும் உணவை இறைவன் நமக்கு ஹலாலாக்கியிருக்கிறான். தண்ணீர் மக்கள் அனைவருக்கும் பொதுவானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்துச் சென்றுள்ளார்கள். ஆனால் பொதுவானது என்பதற்குக் கேட்பாரற்றது என்று பொருளாகாது. பலருக்கும் பங்குள்ள ஒன்றை ஒருவர் கெடுத்தால், அவர் அனைவருடைய பங்கிலும் கை வைத்தவராகிறார். ஆகவே அந்தச் சீட்டை மீனின் விலையாகப் பார்க்கக் கூடாது. மீன் வாழும் நீரைக் காப்பதற்கு நாம் தரும் பங்காகவே பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் அந்தப் பணம் என்ன ஆகிறது? ஆறுகளைக் கண்காணிக்கும் காவலர்களுக்கும், கெட்டுப்போன நீர்நிலைகளைச் சீர்செய்வதற்கும் அது செலவாகிறது. நாட்டிங்காம்ஷயரிலுள்ள கால்வர்டன் என்னும் ஊரில் அரசின் மீன் பண்ணை இருக்கிறது. அங்கே வளர்க்கப்படும் மீன்கள் ஆறுகளில் விடப்படுகின்றன. மீன்கள் முட்டையிடும் பருவத்தை ஒட்டி, மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் கெண்டை போன்ற மீன்களுக்குத் தூண்டில் போடத் தடையும் உண்டு. அமெரிக்காவில் 1950-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று தூண்டில் கருவிகளின் மீதான வரியை மீன்வளத்திற்கே ஒதுக்கியது. அந்நிதியில் பங்கு பெற விரும்பும் மாநிலம், தான் வசூலிக்கும் உரிமக் கட்டணத்தை வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்ற நிபந்தனையையும் விதித்தது. கட்டணம் நியாயமாவதும் அநியாயமாவதும் இந்த ஒரு நிபந்தனையைப் பொறுத்ததே.

நம் நாட்டிற்கும் இது புதிதன்று. நீலகிரியில் வேட்டையையும் மீன்பிடிப்பையும் ஒழுங்குபடுத்த 1879-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண அரசு தனிச் சட்டம் இயற்றியது. 1907-இல் அவலாஞ்சியில் டிரவுட் மீன்களுக்கென்று குஞ்சுப் பொரிப்பகம் ஏற்பட்டது. அந்த ஏற்பாடு ஆங்கிலேய வேட்டைப் பிரியர்களின் நலனை முன்னிட்டு எழுந்தது என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள பீமேஸ்வரி, கலிபோர் முகாம்களில் மஹ்சீர் என்னும் பெருங்கெண்டையைத் தேடி வந்தவர்கள் செலுத்திய பணம், வெடி வைத்து மீன் பிடிப்போரைத் தடுக்கும் காவலுக்கு உதவியது. பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுவது அங்கே விதியாக இருந்தது. சரணாலயச் சட்டத்தின் காரணமாகப் பின்னர் அந்தத் தூண்டில் விளையாட்டு நிறுத்தப்பட்டது.

இவ்விடத்தில் முஸ்லிம்களாகிய நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். உண்பதற்காக மீன் பிடிப்பது வேறு. முள்ளில் அது துடிப்பதைப் பார்த்து மகிழ்வதற்காகப் பிடிப்பது வேறு. உயிருள்ள ஒன்றை இலக்காக நிறுத்தி அம்பெய்து விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். பிடித்துவிடும் விளையாட்டைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. என் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: சமைக்கும் எண்ணமில்லையென்றால் தூண்டிலை எடுக்காதே, சிறு குஞ்சு சிக்கினால் உடனே நீரில் விட்டுவிடு.

நம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். பெரியாறு அணையின் நீர் 1895 முதல் நம் வயல்களுக்குப் பாய்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. நீரில் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அச்சட்டம் அன்றே குற்றமாக்கிவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது; ஆற்றோரம் நடந்து பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஒரு வெடி, பெரிய மீனோடு குஞ்சையும் முட்டையையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. ஒரு பொழுதின் இலாபத்திற்காக நம் பேரப்பிள்ளைகளின் அமானிதம் பறிபோகிறது.

கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விடுவதை நாம் அறிவோம். அருவியில் குளிக்க வனத்துறை கேட்கும் நுழைவுக் கட்டணத்தையும் முணுமுணுக்காமல் செலுத்துகிறோம். அவ்வாறே, காப்பகக் காட்டிற்கு வெளியே முல்லைப் பெரியாற்றிலும் வைகை அணையிலும் பொழுதுபோக்காகத் தூண்டில் போட வருவோரிடம் சிறு கட்டணம் வசூலிப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். மீன்பிடித்தே வயிறு வளர்க்கும் ஏழையிடமும், கரையோரச் சிறுவர்களிடமும் காசு கேட்கக் கூடாது. வசூலாகும் தொகை முழுவதும் மீன்குஞ்சு விடுவதற்கும், கரைக் காவலுக்கும், குப்பை அகற்றுவதற்கும் மட்டுமே செல்ல வேண்டும். பள்ளிவாசல் பலகையில் ஜமாஅத்தின் வரவு செலவை ஒட்டி வைப்பதைப் போல, அதன் கணக்கும் ஊரார் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கணக்குக் காட்டாத கட்டணத்தை மக்கள் வெறுப்பதில் வியப்பில்லை.

சீட்டு வரும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அறுந்த நரம்பையும் பிளாஸ்டிக் பையையும் கரையில் விடாமல் எடுத்து வருவதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை. வெடி வைப்பவர் நம் உறவினராகவே இருந்தாலும் தடுத்துச் சொல்வது நம் கடமை.

மகனுக்கு நான் இவ்வாறு விடை சொன்னேன்: "ஆறு அல்லாஹ்வுடையதுதான், வாப்பா. அதனால்தான் அதைக் கெடுக்க நமக்கு உரிமையில்லை. காவல் காக்கக் காசு கேட்டால் கொடுப்போம். காவல் நடக்கிறதா என்றும் கேட்போம்." கேட்கும் துணிவையும் கொடுக்கும் மனத்தையும் இறைவன் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.