வீட்டையும் களத்தையும் சேர்த்துக் கேளுங்கள்

கரியாலூர் பக்கத்து மலை விவசாயியின் நிலம் சமவெளி நஞ்சையைப் போன்றதல்ல. மேட்டில் சாமையும் தினையும், சரிவில் மரவள்ளியும், ஓரத்தில் பலாவும் புளியும் இருக்கும். வாசலில் இரண்டு மாடு, நாலு ஆடு, சில கோழிகள். இப்படிப் பல பயிரும் கால்நடையும் வைத்திருப்பவர் எங்கோ ஓரிடத்தில் படுத்துக்கொண்டு வெள்ளாமையைக் காப்பாற்ற முடியாது. காட்டுப் பன்றி இரவில்தான் வருகிறது. மாடு கன்று ஈன நேரம் பார்ப்பதில்லை. எருக்குழி பக்கத்தில் இருந்தால்தான் எரு நிலத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே நிலத்திலேயே குடியிருப்பது இங்கே விவசாயத்தின் ஒரு பகுதி.

ஆனால் குடியிருக்க உரிமைச் சீட்டு வேண்டுமே! கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆதிக்கம் இருந்தது. அந்த ஆண்டு அரசு மலையை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் வனத்துறை எல்லைக்குள் பட்டா இல்லாமல் உழுகிற குடும்பங்கள் உண்டு. இம்மலை மக்களின் நிலை பற்றி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணை தொடங்கியது.

இவர்களுக்கு உதவக்கூடியது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 13-12-2005-க்கு முன்பிருந்தே வன நிலத்தை அனுபவித்து வரும் பழங்குடியினருக்கு, அதில் குடியிருக்கவும் பயிர் செய்யவும் அது உரிமை தருகிறது. உச்சவரம்பு 4 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 10 ஏக்கர். அனுபவத்தில் உள்ள அளவுக்கு மட்டுமே உரிமை. எல்லோருக்கும் 10 ஏக்கர் என்று எண்ணிவிடக் கூடாது.

மனுப் படிவத்தில் குடியிருப்புக்கு எவ்வளவு, சாகுபடிக்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்கப்பட்டிருக்கிறது. உழுத நிலத்தை மட்டும் எழுதிவிட்டு வீட்டை விட்டுவிடாதீர்கள். 2012-ல் திருத்திய விதிகள் இன்னும் தெளிவானவை. மாடு கட்டும் இடம், தூற்றும் களம், தானியம் சேமிக்கும் இடம், மரப்பயிர், முறை வைத்துத் தரிசு போடும் நிலம் ஆகிய எல்லாம் சாகுபடியோடு சேர்ந்தவை என்கின்றன. அளக்க வருகிறவர்களிடம் இவற்றையும் காட்டி அளக்கச் சொல்லுங்கள்.

மனுவைக் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். இரண்டு சான்றாவது தேவை. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது உதவும். பழைய வீடு, வரப்பு, கல் கட்டு போன்றவையும் சான்றுதான். ஊர்ப் பெரியவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கியும் வைக்கலாம். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 60 நாளுக்குள் மேல் குழுவுக்குப் போகலாம். மனு முடிவாகும் வரை வெளியேற்றக் கூடாது என்பதும் சட்டமே. உரிமைச் சீட்டு கணவன், மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும். பிள்ளைகளுக்கு அது சேரும், விற்க முடியாது.

வீடுகளை அனுமதித்தால் காடு அழியும் என்று சிலர் சொல்வது உண்டு. காட்டின் மேல் அக்கறை வேண்டியதுதான். ஆனால் இந்தச் சட்டம் புதிதாக வெட்டிய நிலத்துக்கு எதுவும் தரவில்லை. நாளை இருப்போமா என்று அஞ்சுகிறவர் மரவள்ளியோடு நின்றுவிடுவார். பல ஆண்டு கழித்துக் காய்க்கும் பலாவையும் புளியையும் நடமாட்டார். உறுதியாகக் குடியிருப்பவரே மரம் வைப்பார், மண்ணுக்குக் கல் கட்டுவார், காட்டுத் தீயைக் கண்டால் முதலில் ஓடி அணைப்பார்.

அதிகாரிகள் வீட்டையும் நிலத்தையும் ஒரே பண்ணையாகப் பார்க்க வேண்டும். விவசாயிகளும் அடுத்த கிராம சபைக்குத் தவறாமல் போய், தங்கள் மனுவில் வீடும் களமும் தொழுவமும் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.