உலக்கையை விடுங்க, சாமையைப் பிடிங்க

கோடை விழா சமயத்துல ஜமுனாமரத்தூர் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், மலை ரோடு முழுக்க காரா நிக்கும். அப்படி வந்த ஒரு தம்பி போன கோடையில எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. எங்க வீட்டம்மா உரல்ல சாமை குத்திட்டு இருந்தாங்க. அந்தத் தம்பி செல்போனை எடுத்து சுத்திச் சுத்திப் படம் புடிச்சாரு. முடிச்சுட்டு என்கிட்ட வந்து, "அண்ணே, இதை மட்டும் விட்டுடாதீங்க. நாங்க எல்லாத்தையும் தொலைச்சுட்டோம், நீங்களாவது காப்பாத்துங்க"ன்னு உருகிச் சொன்னாரு.

நான் தலையை ஆட்டினேன். வீடு தேடி வந்தவங்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்ல. வீட்டம்மாதான் உலக்கையைச் சுவத்துல சாத்திட்டு, "அப்ப வாரத்துக்கு ஒரு நாள் வந்து குத்திட்டுப் போயிடு தம்பி, சோறும் போடறேன்"னாங்க.

தம்பி சிரிச்சாரு. வீட்டம்மா சிரிக்கல.

அன்னைக்கு ராத்திரி எனக்குச் சரியாத் தூக்கம் வரல. எதை வெச்சுக்கணும், எதை மாத்தணும், எதை வாங்காம இருக்கணும்னு எல்லா வீட்டுலயும் பேச்சு நடக்குது. ஆனா யார் பேசறாங்க, யார் சுமக்கறாங்கன்னு பாத்தா ரெண்டும் வேற வேற ஆளா இருக்கு. அதைத்தான் இங்க எழுதறேன். சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதல்ல சாமை குத்தறதுன்னா என்னன்னு சொல்லிடறேன். சாமைக்குத் தோல் கெட்டி. களத்துல அடிச்சா மணி உதிருமே தவிர, தோல் போகாது. காயவெச்சு உரல்ல போட்டுக் குத்தணும். முறத்துல புடைக்கணும். மறுபடியும் குத்தணும், மறுபடியும் புடைக்கணும். மூணு நாலு தரம் இப்படிப் போனாத்தான் அரிசியாகும். எங்க வீட்டுல ஒரு வேளைச் சோத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுவும் கொல்லையில களை எடுத்துட்டு, விறகு கொண்டாந்துட்டு, தண்ணி எடுத்துட்டு, அதுக்கப்புறம். எங்க அம்மாவுக்கு அறுபது வயசுல வலது தோள் தூக்க முடியாமப் போச்சு. வைத்தியர் கேட்டப்ப, "வேலை செஞ்ச கை, வலிக்கத்தான் செய்யும்"னு அவங்களே பதில் சொல்லிட்டாங்க. நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்.

இப்ப கேழ்வரகைப் பாருங்க. எங்க பாட்டி காலத்துல கேழ்வரகைத் திருவையில அரைச்சாங்க. விடியக் காலையில நாலு மணிக்குத் திருவைச் சத்தம் கேக்கும்னு அப்பா சொல்வாரு. அப்புறம் மாவு மில்லு வந்துச்சு. கேழ்வரகுக்குச் சாமை மாதிரி கெட்டித் தோல் கிடையாது, சுத்தம் பண்ணி நேரா மில்லுல கொட்டிடலாம். திருவை மூலைக்குப் போச்சு. அதுக்காக யாரும் ஒப்பாரி வெக்கல. களி போச்சா? போகல. இன்னைக்கும் எங்க வீட்டுல களிதான், கூழ்தான்.

சாமைக்கு அப்படி ஒரு மெஷின் வரல. நெல்லு மில்லுல போட்டா பொடிமணி நொறுங்கி நொய்யாப் போகும், பாதி தோலோட வரும். அதனால உரலும் உலக்கையுமே கதின்னு ஆச்சு. 2011 ஜூன் மாசத்துல இருந்து ரேஷன்ல அரிசி இலவசம். அந்த அரிசியைக் குத்த வேணாம், புடைக்க வேணாம். கழுவி உலையில போட்டா சோறு. ஒரு பக்கம் ஒரு மணி நேர உலக்கை, இன்னொரு பக்கம் கழுவின அரிசி. பொம்பளைங்க எதை எடுப்பாங்க? நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?

"இந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்குச் சோம்பேறித்தனம், அதான் சாமை போச்சு"ன்னு டீக்கடையில பேசற பெரிய மனுசங்க இருக்காங்க. நானும் பேசியிருக்கேன். அது பொய். கருவியை மாத்தின இடத்துல தானியம் தங்குச்சு. கருவியை மாத்தாத இடத்துல தானியம் போச்சு. எங்க மலையில கேழ்வரகும் சாமையும் பக்கத்துப் பக்கத்துக் கொல்லையில நின்னு இதைச் சொல்லுது.

இது எங்க மலைக் கதை மட்டும் இல்ல. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலயும் எங்களைப் போல மலையாளி சனங்கதான். அங்கயும் சாமைக் கொல்லையெல்லாம் மரவள்ளிக் கொல்லையா மாறிச்சு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க பல வருசம் வேலை செஞ்சுது. மரவள்ளியில காசு வருதுங்கறது ஒரு காரணம், குத்தற பாடு இன்னொரு காரணம்னு அவங்க எழுதி வெச்சிருக்காங்க. அதனால விதையை மட்டும் காப்பாத்திட்டு நிக்கல. ஊருக்குள்ளயே அரவை மெஷின் வெச்சு, சுய உதவிக் குழு கையில குடுத்தாங்க. படிச்சவங்களே அந்தப் பாடம் கத்துக்கிட்டாங்க. படம் புடிக்க வர்றவங்கதான் இன்னும் கத்துக்கல.

இன்னொண்ணு சொல்றேன். இதே ஜவ்வாது மலையில காவலூர்ல வானத்தைப் பாக்கற ஆராய்ச்சிக்கூடம் இருக்கு. 1986ல அங்க 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வெச்சாங்க. அந்தக் காலத்துல வெறும் கண்ணாலயே நட்சத்திரம் பாத்தாங்க, அதுதான் கண்ணுக்கு நல்லதுன்னு யாராவது அங்க போய் விஞ்ஞானிகிட்ட சொல்வாங்களா? சொல்ல மாட்டாங்க. ஆனா அதே மலையில ஒரு பொம்பளைகிட்ட வந்து, உலக்கை புடிக்கறது உடம்புக்கு நல்லதும்மான்னு சொல்ல மட்டும் நாக்கு கூசல.

வெளியூர்க்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போனா நான் யோக்கியன் இல்ல. நம்ம கதையையும் பேசுவோம்.

அரசாங்கம் 2006ல இலவச கலர் டிவி திட்டம் கொண்டாந்துச்சு. 2011ல மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டம் வந்துச்சு. கிரைண்டர் நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அது இட்லி சுடற வீட்டுக்குன்னு வந்த கருவி. சாமைத் தோல் எடுக்கற கருவி அந்தப் பட்டியல்ல இல்ல. சரி, அரசாங்கம் தரல. நாம என்ன வாங்கினோம்?

நான் வாங்கினதைச் சொல்றேன். புளி வித்த காசுல முன்பணம் கட்டி, மாசத் தவணையில பைக் வாங்கினேன். அடுத்தது பெரிய செல்போன். அதுக்கப்புறம் பொண்ணு சடங்குக்கு டிஜிட்டல் பேனர், பாட்டுக் கச்சேரி. கேஸ் அடுப்பு இதுக்கெல்லாம் பின்னாடிதான் வந்துச்சு. அதுவும் சிலிண்டர் வண்டி மெயின் ரோட்டோட நின்னுடும், அங்கருந்து தூக்கிட்டு வரணும்னு சாக்கு சொல்லிச் சொல்லி நாள் கடத்தினேன். விறகைத் தலையில வெச்சுக்கிட்டு அதைவிட அதிக தூரம் அவங்க நடந்தது என் கண்ணுக்குப் படல. சமையல் புகையால 2020ல மட்டும் உலகத்துல சுமார் 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. என் வீட்டு அடுப்பங்கரைச் சுவத்தைப் பாத்தாலே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

அதாவது, எனக்கு வசதியானது எல்லாம் முன்னேற்றம். அவங்களுக்கு வசதியானது வந்தா மட்டும் "பாரம்பரியம் போச்சு". நம்ம ஊர்ல பாதி பாரம்பரியம் இப்படித்தான் நிக்குது.

இப்ப எங்க வீட்டுல ஒரு பொருளை மாத்தலாமா வேணாமான்னு பேசும்போது மூணு கேள்வி கேக்கறோம். இதை யாரோட உடம்பு சுமக்குது? கெட்டுப் போனா பஸ் ஏறிப் போய் அன்னைக்கே ரிப்பேர் பண்ணிட்டு வர முடியுமா? இதை மாத்தினா விதையோ சோறோ நம்ம கையை விட்டுப் போயிடுமா?

இந்தக் கேள்வியில தேறி நின்னது பல பழைய பொருள். முறம் இருக்கு. மூங்கில் முறத்துக்கு ஈடா பிளாஸ்டிக் முறம் புடைக்காது. சாணி மெழுகின தொம்பை இருக்கு. சாமையைத் தோலோட வெச்சா வருசக்கணக்குல கெடாது, அரிசியாக்கிட்டா சில மாசத்துல சிக்கு வாடை வந்துடும். அதனால தொம்பையில தோலோட வெச்சு, மாசா மாசம் வேணுங்கற அளவுக்கு மட்டும் அரிசியாக்கணும். விதைச் சாமை தனியாச் சாம்பல் கலந்து இருக்கு, அதை யார் எவ்ளோ விலை சொன்னாலும் தர்றதில்ல. மாத்தினது அடுப்பு. களத்துல தார்ப்பாய் போட்டு அடிக்கறோம், சோத்துல கல் கடிக்கறது குறைஞ்சுது. வேணாம்னு விட்டது பேனர், கச்சேரி, ரெண்டு வருசத்துக்கு ஒரு செல்போன்.

இன்னும் மாத்தாம இருக்கறது உலக்கை. அதுக்குத்தான் இந்தச் சண்டை.

எங்க ஊர்ல திருவிழா வசூல்ல மிச்சப்பணம் இருக்கு. பசங்க ஸ்பீக்கர் செட்டு வாங்கணும்னு நிக்கறாங்க. நாங்க சில பேர், ஒத்தை ஃபேஸ் கரண்டுல ஓடற சின்னதா ஒரு சாமை உடைக்கற மெஷின் வாங்கலாம்னு சொல்றோம். அதுக்கு வர்ற எதிர்ப்பையும் சொல்லிடறேன்.

கைக்குத்தல் ருசி வராதுங்கறாங்க. பாதி உண்மை. கைக்குத்தல்ல தவிடு ஒட்டி இருக்கும், அதுதான் ருசி, அதுதான் சத்து. மெஷின்ல வெள்ளை வெளேர்னு தீட்டினா ரெண்டும் போயிடும். அதுக்கு மெஷின் மேல குத்தம் சொல்லாதீங்க, தீட்டற ஆசை மேல சொல்லுங்க. தோல் உடைஞ்சதும் நிறுத்துங்க, பழுப்பா இருக்கட்டும்.

குத்தறது உடம்புக்கு நல்லதுங்கறாங்க. நல்லதுன்னா ஆம்பளைங்க குத்துங்க. உரல் எங்க வீட்டு வாசல்லயே இருக்கு, யார் வேணும்னாலும் வரலாம்.

ரிப்பேர் ஆனா யார் பாப்பான்னு கேக்கறாங்க. இது நியாயமான கேள்வி. பெல்ட்டு, பேரிங், சல்லடை இதெல்லாம் கீழே திருவண்ணாமலையிலோ திருப்பத்தூரிலோ கிடைக்கற மெஷினாப் பாத்துத்தான் வாங்கணும். ஊர்ப் பொண்ணு ஒருத்தியும் பையன் ஒருத்தனும் கழட்டி மாட்டக் கத்துக்கணும். அதுக்கு வழியில்லாத மெஷினை இலவசமாத் தந்தாலும் வேணாம்.

விலை இல்லாத தானியத்துக்கு மெஷின் எதுக்குங்கறாங்க. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டுன்னு ஐ.நா. சபை அறிவிச்சுது. அந்த வருசம் நம்ம பக்கம் பேனருக்குக் குறைவில்ல. கேழ்வரகுக்கு மத்திய அரசு ஆதரவு விலை உண்டு, 2024-25க்கு குவிண்டாலுக்கு 4290 ரூபாய். சாமைக்குன்னு தனியா அது கிடையாது. வியாபாரி சொல்றதுதான் விலை. ஆனா தோலோட மூட்டை கட்டிக் கீழே அனுப்பறோம், யாரோ தோல் எடுத்து அரிசியா விக்கறாங்க. நடுவுல இருக்கற காசு அந்தத் தோல்லதான் இருக்கு. அதை நாமே எடுத்தா என்ன? அதுக்கு முன்னாடி, விக்கறதை விடுங்க, நாம திங்கலாமே. சாமை வெளைஞ்ச மலையில ரேஷன் அரிசிக்கு வரிசையில நிக்கற நமக்கு முதல் வாடிக்கையாளர் நம்ம வயிறுதான்.

பசங்களா, உங்க மேல கோபம் இல்ல. ஸ்பீக்கர் செட்டு வருசத்துக்கு மூணு நாள் பாடும், அடுத்த வருசமும் வாங்கலாம். உங்க அம்மா தோள் அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் தேஞ்சிருக்கும். எங்க அம்மா தோளை நான் பாத்துட்டேன், திருப்பி வாங்க எந்தக் கடையிலயும் கிடைக்கல.

வர்ற ஞாயித்துக்கிழமை ஊர்க் கூட்டம். இதுவரைக்கும் ஆம்பளைங்க மட்டும் பேசி முடிவு பண்ற கூட்டம். இந்தத் தரம் வீட்டம்மாவும் வர்றாங்க, கூட இன்னும் சில பேர் வர்றதாச் சொல்லியிருக்காங்க. உலக்கையைக் கையிலயே எடுத்துட்டு வர்றேன்னு சொல்றாங்க. நான் வேணாம்னு சொல்லல.