அவர்கள் பட்டியல் முதலில்



ஆடி பிறந்துவிட்டால், வேலூர்–திருவண்ணாமலை சாலையில் சந்தவாசல் வரை வரும் வேன்களும் கார்களும் அங்கே மேற்கே திரும்பிவிடும். ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேடுதான் அவற்றுக்குச் சேருமிடம். ரேணுகாம்பாளைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்குகின்றன. பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள், வேப்பிலை உடுத்தி வலம் வருகிறார்கள். ஆடி வெள்ளிக்கிழமைகளில் ஊர் கொள்ளாத கூட்டம்.

பதினான்காம் நூற்றாண்டில் இது சம்புவராயர்களின் தலைநகர். விஜயநகர இளவரசர் குமார கம்பணர் படையோடு வந்து அவர்களை வென்றார். இன்று கமண்டல நாகநதிக் கரையில் நெல்லும் வாழையும் விளையும் கிராமம் அது. அரசு போய் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் பேரன் பேத்திகளோடு குடும்பங்கள் வருவது நிற்கவில்லை. ஊர் என்ற ஒன்றை நாம் எவ்வளவு பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்படி வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு வேலைப் பட்டியல் இருக்கும். அதைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேச ஆசை. வெள்ளிக்கிழமை கோயில். சனிக்கிழமை பட்டா விஷயமாக ஓர் அலைச்சல், வங்கியில் ஒரு வேலை, ஆவணிக் கல்யாணத்துக்கு ஆரணியில் பட்டுப்புடவை. ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டி ஏறியாக வேண்டும். இந்த நெருக்கடியில் அத்தை வீடும் பெரியப்பா வீடும் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுகின்றன. "எப்பப்பா வந்த?" என்று அத்தை கேட்கும்போதே, "கெளம்பிட்டேன் அத்தை, சும்மா பார்த்துட்டுப் போலாம்னு" என்று வாசலில் நின்றபடி பதில் சொல்கிறோம். காபி ஆறுவதற்குள் கைபேசியில் மணி பார்க்கிறோம். அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள்.

யோசித்துப் பார்த்தால், நம் பட்டியலில் பாதிக்கு நாம் ஊரில் இருக்கவே தேவையில்லை. பட்டா, சிட்டா நகலை இணையத்தில் எடுக்கலாம். வில்லங்கச் சான்றுக்கும் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மின்கட்டணத்தைக் கைபேசியில் கட்டலாம். நேரில் ஆள் வேண்டியவை பெரும்பாலும் முதியவர்களின் வேலைகள்தான். மத்திய அரசு ஓய்வூதியம் வாங்கும் பெரியப்பா ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று தர வேண்டும். 2014 முதல் அதை மின்னணு முறையில் தரும் வசதி இருக்கிறது. தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிவுசெய்யும் ஏற்பாடும் உண்டு. அதை அவருக்கு எடுத்துச் சொல்லி, கூட இருந்து செய்து கொடுக்க ஒருவர் வேண்டுமே! ரேஷன் கடைக் கருவியில் கைரேகை விழாமல் தவிக்கும் அத்தைக்கும், கண்புரைக்கு மருத்துவமனை போகத் துணையில்லாமல் தள்ளிப்போட்டுவரும் சித்தப்பாவுக்கும் வேண்டியதும் அதே ஒருவர்தான். அவர்களுடைய வேலையைக் கையில் எடுத்துக்கொண்டால் பார்க்கப் போவதற்கென்று தனியாக நேரம் தேட வேண்டாம். வங்கி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரத்தில், வீட்டுக் கூடத்தில் பேசாத கதையெல்லாம் பேசிவிடுவார்கள்.

சொத்து விஷயத்துக்கும் இந்த நாட்கள் நல்ல நாட்கள். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா எத்தனையோ வீடுகளில் உண்டு. வாரிசுச் சான்று வாங்கவும் பெயர் மாற்றவும் பங்காளிகள் எல்லோருடைய ஒத்துழைப்பும் வேண்டும். குலதெய்வக் கோயிலில் எல்லோரும் கூடுகிற நாளில், பெரியவர்கள் இருக்கும்போதே, மனத்தாங்கல் இல்லாமல் பேசி முடித்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவை பல, நீதிமன்றத்தில்தான் போய் நிற்கின்றன.

ஆரணிக்கு வருவோம். புவிசார் குறியீடு பெற்ற பட்டு ஆரணிப் பட்டு. ஆரணியிலும், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் வீட்டுக்குள்ளேயே குழித்தறி போட்டு நெய்கிறார்கள். உங்கள் உறவிலோ நட்பிலோ நெசவுக் குடும்பம் இருந்தால் ஒன்றை மனத்தில் வையுங்கள். நெசவாளிக்குக் கூலி மாதச் சம்பளமாக வருவதில்லை. நெய்து கொடுத்த புடவைக்குத்தான் வரும். வந்தவரை உபசரிக்கத் தறியைவிட்டு எழுந்தால் அந்த நேரத்துக் கூலி போகும். கணவர் நெய்ய, மனைவி தார் சுற்ற, பாவு பிணைக்க ஆள் வர என்று வீடு முழுவதும் அந்த ஒரு புடவையைச் சுற்றித்தான் இயங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழி ஈரமாகி வேலை தடைபடுவதும் உண்டு. ஆகவே முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். தறி ஓயும் மாலையில் போங்கள். பல நெசவு ஊர்களில் அமாவாசையன்று தறிக்கு ஓய்வு. அன்று போனால் அவர்களும் நிம்மதியாக உட்கார்ந்து பேசுவார்கள். புடவை எடுப்பதானால் பேரத்தில் கறாராக நிற்காதீர்கள். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போது கேட்காமல் கொடுக்கிற விலையை, நெய்தவர் வீட்டுத் திண்ணையில் குறைக்கச் சொல்வது நியாயமில்லை.

வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு விடுப்பு எவ்வளவு அரிது என்பதை நான் அறிவேன். எல்லோரையும் பார்த்துவிட முடியாது. நான்கு வீட்டு வாசலில் நின்றுவிட்டு வருவதைவிட, இரண்டு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது மேல் என்பது என் உறுதியான எண்ணம். விட்டுப்போன வீடுகளை அடுத்த முறை முதலில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளையும் கூடவே அழைத்துப் போங்கள். யார் அத்தை, யார் சித்தி, எந்த வீட்டோடு என்ன உறவு என்பதை அவர்கள் வேறெங்கும் கற்றுக்கொள்ள வழியில்லை.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். படவேட்டுக்கோ உங்கள் சொந்த ஊருக்கோ கிளம்பும் முன், உங்கள் பட்டியலை எழுத உட்காருவதற்கும் முன்னால், ஊரில் இருக்கும் பெரியவருக்கு ஒரு போன் போடுங்கள். "நான் வரும்போது உங்களுக்கு என்ன வேலை முடித்துக் கொடுக்கணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை முதல் வரியில் எழுதுங்கள். உங்கள் வேலைகள் அதன் கீழே வரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்