அண்ணாவியாரின் பெயர்

ஜப்பானியச் சுமோ மல்லர் கூடத்தில் ஆசான் ஓய்வு பெறுவார். அவர் தாங்கிய பட்டப்பெயர் ஓய்வதில்லை, அடுத்தவரைச் சென்றடையும். அவ்வாறு வழிவழி வரும் பெயர்கள் 105.

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களின் கூத்துக் களரியும் அத்தகைய பயிற்சிக்கூடமே என்பேன். அண்ணாவியார் ஆளறிந்து சட்டம் கொடுப்பார்; மாதக்கணக்கில் இரவுதோறும் தாளக்கட்டும் ஆட்டமும் பழக்குவார்; சதங்கை அணிந்த பின்னரே அரங்கேற்றம். அண்ணாவியார் பெயரோ அவர் காலத்தோடு மறைகிறது.

1962இல் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' மேடையேற்றியதைப் பலரும் எழுதினர், எழுதத் தக்கதே. ஆனால், அம்மாணவருக்கு ஆட்டம் பழக்கிய வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாருக்குக் குரு யார்? அக்குருவுக்குக் குரு யார்? வடமோடி, தென்மோடி வேறுபாட்டை மாணவர் மனனம் செய்கின்றனர். இவ்வினாவைத் தேர்வுத்தாள் கேட்பதில்லை. மட்டக்களப்பு ஆசிரியர்கள் தத்தம் ஊரின் குருவழியைக் கேட்டெழுதட்டும், முதிய ஆட்டக்காரர் இருக்கும்போதே.