பிளஸ் ஒன்னில் கணிதம்: எல்லைத் தமிழ்ப் பெற்றோர் முன்னுள்ள கேள்வி

நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறை போன்ற பாலக்காட்டு எல்லைப் பஞ்சாயத்துகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலுள்ள தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரே கேள்வி எழுகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவில் சேர்ப்பது? கணிதம் எடுப்பதா, விடுவதா?

கல்லூரிப் படிப்பில் பாதி இக்கேள்வியிலேயே தீர்மானமாகி விடுகிறது. ஆனால் பல வீடுகளில் இதற்குக் கிடைக்கும் நேரம், அக்ஷயா மையத்தில் விண்ணப்பம் நிரப்பும் அரை மணி மட்டுமே. தகப்பனார் வேலைக்குப் போயிருப்பார். தாயாருக்கு மலையாளப் படிவம் புரியாது. 'கணக்கு கஷ்டம், வேண்டாம்' என்று தோழன் சொன்னதே முடிவாகி விடுகிறது.

தேர்ச்சி வேறு, தேர்வு வேறு

ஒரு காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யே பெரிய சல்லடையாக இருந்தது. இன்று நிலைமை வேறு. கேரளத்தில் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99 சதவீதத்துக்கு மேல். ஆகவே பிள்ளை தேறியது மகிழ்ச்சிக்குரியதே தவிர, அது மட்டும் எந்த வாசலையும் திறந்து விடாது. மாணவர்களைப் பிரித்து அனுப்பும் வேலையை இப்போது பிளஸ் ஒன் பிரிவு ஒதுக்கீடே செய்கிறது.

ஒதுக்கீடு ஒற்றைச் சாளர முறையில் நடக்கிறது. மாணவர் எழுதிக் கொடுக்கும் விருப்ப வரிசையும், மதிப்பெண் தரமும் சேர்ந்தே இடத்தைத் தீர்மானிக்கின்றன. பாலக்காடு முதல் காசர்கோடு வரையுள்ள வட மாவட்டங்களில் பிளஸ் ஒன் இடப் பற்றாக்குறை ஆண்டுதோறும் பேசப்படும் விஷயம். இந்நிலையில் வரிசையில் ஒரு பிரிவைத் தவறாக முன்னே எழுதினால், அதுவே கிடைத்து விடும்.

இரு மாநிலத் தராசு

பாலக்காட்டுத் தமிழருக்கு ஒரு கால் கேரளத்தில், மறு கால் கோவையில். எனவே இரு மாநிலங்களின் விதிகளையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அது நீக்கப்பட்டது. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அதாவது தராசில் சரிபாதி கணிதம்.

கேரளத்தில் 'கீம்' எனப்படும் நுழைவுத் தேர்வு உண்டு. அதன் 150 வினாக்களில் 75 கணிதம், 45 இயற்பியல், 30 வேதியியல். சரியான விடைக்கு 4 மதிப்பெண்; தவறானால் 1 குறையும். ஆக, நுழைவுத் தேர்விலும் கணிதமே பாதி. அதோடு, 2011 முதல் தரவரிசையின் ஒரு பாதி நுழைவுத் தேர்வுக்கும், மறு பாதி பிளஸ் டூவின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களுக்கும் என்று பங்கிடப்பட்டு வந்திருக்கிறது.

இந்தப் பங்கீடு எவ்வளவு நுட்பமானது என்பதை 2025 காட்டியது. அவ்வாண்டு ஜூலை முதல் தேதி தரவரிசை வெளியாவதற்குச் சற்று முன்பு, பிளஸ் டூ மதிப்பெண்களைச் சமன் செய்யும் முறையை மாநில அரசு மாற்றியது. பழைய முறையில் மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் பின்தங்குகிறார்கள் என்பது காரணமாகக் கூறப்பட்டது. கடைசி நேர மாற்றம் செல்லாது என்று கேரள உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. பழைய முறைப்படி திருத்திய பட்டியல் ஜூலை 10-ஆம் தேதி வெளியாயிற்று. மாநிலப் பாடத்திட்ட மாணவர் பலர் பின்னுக்குப் போயினர். சில மதிப்பெண் ஏறி இறங்கினாலே வரிசை புரண்டு விடும் என்பதும், அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் படிக்காமல் கணக்குப் போடக் கூடாது என்பதும் இதில் உள்ள பாடங்கள்.

எந்த வாசல்கள் மூடும்?

கணிதத்தை விட்டவர்களுக்குப் பொறியியல் மட்டுமல்ல, கட்டடக்கலைப் படிப்பும் பெரும்பாலும் எட்டாது. தேசிய ராணுவ அகாதமித் தேர்வில் கப்பற்படை, விமானப்படைப் பிரிவுகளுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றும் தேவை. பி.எஸ்.ஸி. கணிதம், புள்ளியியல் போன்றவையும் கைநழுவும். கணிதப் பட்டம் இல்லாவிட்டால், தமிழ் வழிப் பள்ளிகளில் கணித ஆசிரியராகும் வாய்ப்பும் இல்லை. நம் பள்ளிகளுக்கு நம் பிள்ளைகளே ஆசிரியராக வர வேண்டுமென்றால், இன்று சிலராவது கணிதம் எடுத்தாக வேண்டும்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2021-இல் கணிதம் படிக்காதவர்களுக்கும் சில பொறியியல் பிரிவுகளில் இடம் தரலாம் என்று விதியைத் தளர்த்தியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் கேரளத்துக் 'கீம்' வழியே பொறியியல் சேர இன்றும் கணிதம் தேவை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 2020-21 முதல் 'பயன்பாட்டுக் கணிதம்' என்ற தனிப் பாடம் வந்தது. பெயரில் கணிதம் இருப்பதால் எல்லாவற்றுக்கும் அது போதுமென்று எண்ணி விடக் கூடாது. சேரப் போகும் கல்லூரி அதை ஏற்குமா என்று முன்பே விசாரிக்க வேண்டும். அமெரிக்காவிலும் இதே வாதம்தான். தரவு அறிவியல் பாடத்தை உயர் இயற்கணிதத்துக்கு மாற்றாக ஏற்பதில்லை என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் குழு 2023-இல் முடிவு செய்தது.

பயம் கணக்கிலா, மொழியிலா?

கணிதத்தை விடுபவர்களில் பலர் அதில் மந்தமானவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த மாணவன், பிளஸ் ஒன்னில் திடீரென ஆங்கிலப் பாடநூலைக் கையில் வாங்குகிறான். கேரளத்தில் மேல்நிலைக் கணிதத்துக்கு என்.சி.இ.ஆர்.டி. நூலே பாடநூல். தமிழில் போட்டால் வந்துவிடும் கணக்கு, ஆங்கில வாக்கியத்துக்குள் ஒளிந்து கொள்கிறது. வகுப்பில் விளக்கம் மலையாளத்தில் வரும். முதல் பருவத்தில் மதிப்பெண் சரிந்ததும், 'கணக்கு நமக்கு வராது' என்ற முடிவுக்கு வீடே வந்து விடுகிறது.

இதற்கு ஒரு கைமருந்து உண்டு. தமிழ்நாட்டு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூல்கள் தமிழில் இலவசமாகப் பதிவிறக்கம் செய்யக் கிடைக்கின்றன. அணிகள், வெக்டர், நுண்கணிதம் எல்லாம் இரு பாடத்திட்டங்களிலும் உண்டு. தமிழ் நூலில் பொருளைப் புரிந்துகொண்டு, ஆங்கில நூலில் கணக்கைப் போட்டுப் பழகலாம். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கும் பிளஸ் ஒன் வகுப்புக்கும் இடையிலுள்ள இரண்டு மாதங்களில் ஆங்கிலக் கலைச்சொற்களை மட்டும் கற்றாலும் பாதிப் பயம் தெளியும்.

எல்லாரும் எடுக்க வேண்டுமா?

அவசியமில்லை. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் மிகவும் தடுமாறிய பிள்ளையை, அண்டை வீட்டார் மெச்ச வேண்டும் என்பதற்காக இதில் தள்ளுவது தவறு. நர்சிங், வேளாண்மை, மருத்துவம் நாடுவோருக்கு உயிரியல் முக்கியம். மனம் ஊசலாடினால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு இரு வாசல்களையும் திறந்து வைக்கும். ஆனால் சுமை அதிகம். வணிகவியலிலும் கணிதம் சேர்ந்த பிரிவு உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பாலிடெக்னிக் படித்து, பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீடுகளுக்கு இது தகுந்த பாதை.

கோவைப் பக்கம் பிள்ளையை அனுப்ப நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கு படித்திருக்க வேண்டும். இல்லையேல் தமிழ்நாட்டுப் பிறப்பிடச் சான்று காட்ட வேண்டும். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் எல்லை தாண்டிப் படித்து அச்சலுகையை எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும்.

செய்ய வேண்டியது என்ன?

பள்ளிகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே, பெற்றோரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து, பிரிவுகளையும் அவற்றின் வாசல்களையும் தமிழில் விளக்க வேண்டும். கூலிக்காரப் பெற்றோர் வேலை நாளில் வர இயலாது. படித்து வேலையிலிருக்கும் குமாஸ்தாக்கள், விண்ணப்ப நாட்களில் ஒரு மாலையை அக்ஷயா மையத்தில் செலவிட்டாலே பல பிள்ளைகளுக்கு வழி கிடைக்கும். தவறான பிரிவு கிடைத்துவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஒதுக்கீடுகள் முடிந்தபின் காலியிடங்களுக்குப் பள்ளி மாற்றம், பிரிவு மாற்றம் கோர வாய்ப்பு அளிக்கப்படுகிறது. அந்த அறிவிப்பு வரும் தேதியைக் கவனித்திருக்க வேண்டும், அவ்வளவே.

கணிதத்தைத் தெரிந்து விடுவது ஒரு முடிவு. தெரியாமல் விடுவது ஒரு நஷ்டம். மொழி தெரியாத படிவத்தின் முன்னால் அந்த நஷ்டம் நேராமல் பார்த்துக்கொள்வது பெற்றோர், ஆசிரியர், படித்தவர் ஆகிய மூவர் பொறுப்பும் ஆகும்.