கழுகுச் செய்தியும் மாடு வளர்ப்போரும்

புலிகளின் கணக்கெடுப்பு விவரம் பத்திரிகையில் வந்தால், கிராமத்து டீக்கடையில் அதை உரக்கப் படித்துக் காட்ட ஒருவர் இருப்பார். யானை ஊருக்குள் இறங்கிய செய்தி என்றால் கேட்கவே வேண்டாம். தமக்குப் பிடித்த மிருகத்தைப் பற்றிய செய்தியை மக்கள் விடாமல் தொடர்வது நல்ல பழக்கந்தான். ஆனால் கறவை மாடோ உழவு மாடோ வைத்திருக்கும் விவசாயி கட்டாயம் தொடர வேண்டிய செய்தி வேறொன்று. அது யாருக்கும் பிடித்த பிராணியைப் பற்றியது அல்ல. பிணந்தின்னி என்று ஏசப்படும் பாறுக் கழுகைப் பற்றியது.

புலியைக் காப்பது பெரும்பாலும் காட்டிலாகாவின் பொறுப்பு. பாறுக் கழுகு பிழைப்பதும் சாவதும், மாட்டுக்கு யார் என்ன ஊசி போடுகிறார் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் இது விவசாயிக்குரிய செய்தி ஆகிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயிகளுக்கு நினைவிருக்கும். செத்த மாட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டால் வானத்தில் கழுகுகள் வட்டமிடத் தொடங்கும். பொழுது சாய்வதற்குள் எலும்பு மட்டும் மிஞ்சும். 1990-களில் இந்தக் காட்சி நாடு முழுவதும் மறைந்தது. இந்தியாவில் 1992-ல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்தன என்றால், 2007-ல் அதில் ஒன்றுதான் மிஞ்சியது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் பிரசாதம் உண்ண வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறுகளும் அந்த 1990-களோடு நின்றுவிட்டன.

காரணம் தெரிய 2004 ஆயிற்று. பாகிஸ்தானில் செத்துக் கிடந்த கழுகுகளை அறுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், மாடுகளுக்கு வலி, காய்ச்சல், மடிவீக்கத்துக்குப் போடப்படும் டைக்ளோஃபினாக் என்ற மருந்தே எமன் என்று கண்டார்கள். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அதன் இறைச்சியைக் கழுகு தின்றால், அதன் சிறுநீரகம் கெட்டுவிடுகிறது. சில நாட்களில் கழுகு சாகிறது. இத்தனைக்கும் எல்லா மாட்டுப் பிணத்திலும் மருந்து இருக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பிணங்களில் இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பிணத்தைச் சுற்றிப் பத்து இருபது கழுகுகள் கூடித் தின்னும் அல்லவா? ஒற்றை மாடு வைத்திருப்பவரின் தொழுவமும் கணக்கில் வருவது இதனால்தான்.

மத்திய அரசு 2006-ல் இம்மருந்தை மாடுகளுக்குத் தடை செய்தது. மனிதர்களுக்கான 30 மில்லி புட்டி மருந்துக் கடையில் தாராளமாகக் கிடைத்தது. அது மாட்டுக்குப் போயிற்று. 2015-ல்தான் 3 மில்லி புட்டிக்கு மேல் கூடாது என்று வந்தது. அதற்குள் வேறு மருந்துகள் புகுந்துகொண்டன. கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கழுகைக் கொல்பவை என்று 2023-ல் தடைபட்டன. நிமசுலைடுக்கு 2024 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பெயரை அடைத்தால் இன்னொரு பெயர் வருகிறது. இந்த இழுபறிக்கு விவசாயி மேல் பழி போடுவது நியாயம் அல்ல. விற்றவர் ஒருவர், போட்டவர் ஒருவர். விவசாயி காசு கொடுத்தவர் மட்டுமே. புட்டியில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை.

கடன் வாங்கி ஒரு பசு வாங்கியவர், "என் மாடு பிழைக்கட்டும், கழுகை அப்புறம் பார்க்கலாம்" என்றால் அதில் தப்பில்லை. மாட்டை வலியோடு விட்டுவிடச் சொல்லவும் இல்லை. மெலாக்சிகம், டோல்ஃபெனமிக் அமிலம் இரண்டும் அதே வலிக்கும் காய்ச்சலுக்கும் கேட்கும். கழுகுக்குத் தீங்கில்லை என்று சோதித்து அறியப்பட்டவை. மிருக வைத்தியரிடம் பெயர் சொல்லிக் கேட்டால் போதும். கைப்பையோடு வீடு தேடி வந்து ஊசி போடுபவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். பெயர் சொல்ல மறுப்பவரிடம் மாட்டைக் காட்டாமல் இருப்பது மாட்டுக்கும் நல்லது.

கழுகால் விவசாயிக்கு என்ன லாபம் என்பார்கள். அது இல்லாமல் போனதும் ஊர்க்கோடியில் பிணங்கள் கிடந்து அழுகின. தின்ன நாய்கள் பெருகின. கிணறும் வாய்க்காலும் கெட்டன. கழுகுகள் மறைந்த ஜில்லாக்களில் 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று 2024-ல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மதிப்பீடுதான் என்றாலும் ஒதுக்கித் தள்ளக்கூடியது அல்ல.

தமிழ்நாட்டில் இப்போது பாறுகள் முக்கியமாக மிஞ்சியிருப்பது நீலகிரியின் வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில். ஓடைக்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எண்ணியபோது 246 இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் 320 தென்பட்டன. சந்தோஷப்படலாம், ஆனால் அவசரப்படக் கூடாது. வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். இரை தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டரும் பறக்கும். ஆகவே மசினகுடி மாட்டுக்காரர் ஒழுங்காக இருந்து, கீழ்நாட்டில் தடை செய்த ஊசி ஓடினால் பயனில்லை.

காட்டோரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. புலி அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் விஷம் தடவினால் புலி சாகலாம், சாகாமலும் போகலாம். வந்து உட்காரும் கழுகுக் கூட்டம் நிச்சயம் சாகும். இழப்பீடு தாமதமாவது உண்மையான குறைதான். அதை விரைவாகக் கொடுத்தாலே விஷம் வைக்கும் எண்ணம் பாதி குறையும். இதைச் செய்ய வேண்டியது அரசாங்கம்.

கழுகுகளை எண்ணுகிறவர்கள் தங்கள் கணக்கைப் பட்டணத்துக் கூட்டங்களில் வாசிப்பதோடு நிற்காமல் பால் கூட்டுறவு சங்கங்களுக்கும் கொண்டுவர வேண்டும். காலையும் மாலையும் மாட்டுக்காரர்கள் வந்து நிற்கும் இடம் அது. ஆகாத மருந்து நான்கு, ஆகும் மருந்து இரண்டு என்று பலகையில் தமிழில் எழுதி வைத்தால், ஊற்ற வருபவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கூடவே இன்னொரு வரியும் எழுத வேண்டும்: எந்த ஊசி என்று தெரியாமல் போட்ட மாடு சில நாளில் இறந்துவிட்டால், திறந்தவெளியில் போடாமல் ஆழமாகக் குழிவெட்டிப் புதைக்கவும்.