மம்பட்டி பிடித்த கை கேட்கிறது: எங்கே தூர் வாரினீர்கள்?



ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள். தூர்வாரும் வேலையோ தண்ணி வரும் நேரத்தில்தான் சூடு பிடிக்குது! பொக்லைன் அள்ளின மண்ணைக் கரை ஓரத்திலேயே கொட்டுறாங்க; ஒரு மழை பெய்தால் வாய்க்காலுக்குள்ளேயே சரியுது. தண்ணி ஓடினபிறகு ஆழத்தை யார் அளப்பது? கான்ட்ராக்டருக்கு அதுதானே வசதி! கடைமடை வாய்க்காலில் கடைசியில் நாம்தான் மம்பட்டியோடு இறங்குகிறோம்.

வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கொரு மம்பட்டி என்று நம் பாட்டன்மார் செய்தது குடிமராமத்து. 2017-ல் அதே பெயரில் அரசு திட்டம் போட்டது. பெயர் நம்முடையது, பில் யாருடையது?

நாம் கேட்பது:

* மே மாதத்துக்குள் வேலையை முடி!
* நீளம், ஆழம், தொகையைக் கரையில் பலகையில் எழுது!
* விவசாயிகள் அளந்து கையெழுத்திட்ட பிறகே பில் கொடு!

மம்பட்டியோடு திரண்டு வாரீர்!